பாலைவன மலைமேல் அந்தி நிலா: படம் எடுக்க ஒரு முழு வழிகாட்டி

பாலைவனத்தில் நின்றுகொண்டு, எதிரே உள்ள மலைக்குப் பின்னாலிருந்து நிலா எட்டிப் பார்ப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்க முடியாது. முதலில் முகட்டின் ஓர் இடத்தில் மட்டும் வெளிச்சம் லேசாகக் கசியும். அங்கிருக்கும் பாறையின் விளிம்பு வெள்ளி நூல் ஓட்டியது போலத் தெரியும். அப்புறம் நகத்துணுக்கு அளவில் ஒரு துண்டு. இரண்டு நிமிடம் கொஞ்சம் கூடக் குறைய ஆவதற்குள் முழு வட்டமும் வெளியே வந்துவிடும். அந்த இரண்டு நிமிடத்துக்காக இரண்டு வாரம் திட்டமிடலாம், தப்பே இல்லை.

இந்தப் படத்தில் அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான். நிலா என்பது வெயிலில் கிடக்கும் ஒரு பெரிய பாறை. அதன்மேல் விழுவது நடுப்பகல் வெயில். நாம் நிற்கும் தரையிலோ பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது. கண் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடும், கேமராவால் அது முடியாது. நிலாவின் வெளிச்சமும் மலையின் வெளிச்சமும் ஒரே படத்தில் அடங்கும் அளவுக்கு நெருங்கி வருவது, பொழுது சாய்வதற்குச் சற்று முன்னால் தொடங்கி, சாய்ந்த பிறகு ஒரு 15 நிமிடம் வரைதான். அந்த நேரத்தில் நிலா முகட்டில் இருக்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுப்பது

முழுநிலா என்றால் பௌர்ணமியன்றுதான் போக வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் முதல்முறை போனேன். அன்று பொழுது சாய்ந்து ஐந்து நிமிடம் கழித்து நிலா உதயம். மலை உயரமாக இருந்ததால் நிலா முகட்டைத் தாண்டி வர இன்னும் 20 நிமிடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் மலை கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் படத்திலும் கறுப்புத் தாளில் வெள்ளை ஓட்டை போட்டது போல ஒரு வட்டம். ஒரு கோடு, ஒரு கீறல், நிலாவில் எதுவும் தெரியவில்லை.

பௌர்ணமிக்கு முந்தைய நாள்தான் சரியான நாள். வளர்பிறைச் சதுர்த்தசி நிலா பார்வைக்கு முழு வட்டமாகவே இருக்கும், உற்றுப் பார்த்தால்தான் ஓர் ஓரம் மங்கியிருப்பது தெரியும். ஆனால் அது பொழுது சாய்வதற்கு முன்பே உதித்துவிடும். நிலா உதயம் நாளுக்கு நாள் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகிறது. இந்த இடைவெளி இடத்தையும் பருவத்தையும் பொறுத்துக் கூடும், குறையும். அதனால் திதியை மட்டும் நம்பாமல், நீங்கள் போகும் இடத்துக்கான நேரத்தைப் பாருங்கள். நிலா உதயம் சூரிய அஸ்தமனத்துக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால் இருக்கிறதா? அந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். தாழ்வான மலை என்றால் 30 பக்கம், உயரமான மலை என்றால் 60 பக்கம்.

சூப்பர்மூனுக்குக் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. பூமிக்கு மிக அருகில் வரும் முழுநிலா, மிகத் தொலைவில் இருக்கும் முழுநிலாவைவிட 14 சதவீதம்தான் பெரிதாகத் தெரியும். கொஞ்சம் நீளமான லென்ஸ் போட்டாலே அந்த வித்தியாசம் கிடைத்துவிடும். வெளிச்சமும் நேரமும் பொருந்திய சாதாரண நிலாவே எனக்குப் போதும்.

படி 2: மலையின் கோணத்தைக் கணக்கிடுவது

செயலிகளும் பஞ்சாங்கமும் சொல்லும் நிலா உதயம், தடையில்லாத சமதளத் தொடுவானத்துக்கு உரியது. மலை குறுக்கே நின்றால் அந்த நேரம் பொருந்தாது. எவ்வளவு தாமதமாகும் என்று நாமே கணக்குப் போட்டுவிடலாம்.

நிற்கும் இடத்திலிருந்து முகடு 10 கி.மீ. தொலைவு, நம்மைவிட 700 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 700-ஐ 10,000-ஆல் வகுத்தால் 0.07. இதை 57-ஆல் பெருக்கினால் 4 டிகிரி, அதுதான் முகட்டின் உயரக் கோணம். நிலா வானத்தில் மணிக்கு ஏறக்குறைய 15 டிகிரி நகர்கிறது. ஆனால் அது செங்குத்தாக ஏறுவதில்லை, சாய்ந்துதான் ஏறும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் 4 டிகிரி ஏற 16 நிமிடம் போதும். 30 டிகிரி அட்சரேகையில் 18, 19 நிமிடம் ஆகும். அதற்குள் பக்கவாட்டில் 2 டிகிரிக்கு மேல் நகர்ந்திருக்கும். வடகோளத்தில் வலப்பக்கம், தென்கோளத்தில் இடப்பக்கம். நிலாவின் அகலமே அரை டிகிரிதான் என்பதால், உதயம் என்று செயலி காட்டும் திசையிலிருந்து நான்கு நிலா அகலத்துக்கும் அப்பால்தான் அது முகட்டில் தோன்றும். கோடு போட்ட இடத்தில் கேமராவைத் திருப்பி வைத்துக்கொண்டு, நிலா வேறொரு மூலையில் வருவதைப் பார்த்து ஓடுகிறவர்கள் நிறைய பேர். காரணம் இந்தச் சாய்வுதான்.

போட்டோபில்ஸ், தி போட்டோகிராபர்ஸ் எபிமெரிஸ் போன்ற செயலிகளில் நிற்கும் இடத்தையும் முகட்டையும் குறித்தால், இந்தக் கோணத்தையும், நிலா அந்த உயரத்துக்கு வரும் நேரத்தையும் காட்டும். இருந்தாலும் ஒருமுறை கையால் கணக்குப் போட்டுப் பழகுங்கள். களத்தில் அலைபேசிச் சிக்னல் இல்லாத இடமாகத்தான் இருக்கும்.

திசையும் மாதத்துக்கு மாதம் மாறும். முழுநிலா எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் இருப்பதால் ஜூன் மாதத்தில் தென்கிழக்கிலும், டிசம்பரில் வடகிழக்கிலும், மார்ச், செப்டம்பரை ஒட்டி ஏறக்குறைய நேர்க்கிழக்கிலும் உதிக்கும். ஒரே மலை, ஒரே இடம், ஆனால் ஆறு மாதம் கழித்து நிலா வேறொரு சிகரத்தின் பின்னால்.

படி 3: எவ்வளவு தூரத்தில் நிற்பது

மலைக்குப் பக்கத்தில் போனால் மலை பெரிதாகும், நிலா அதே அளவில்தான் இருக்கும். தள்ளிப் போகப் போக மலை சிறுக்கும், நிலா மாறாது. அப்புறம் நீளமான லென்ஸால் இரண்டையும் சேர்த்து இழுத்தால், மலைமேல் பெரிய நிலா உட்கார்ந்திருக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, தூரம் செய்யும் வேலை.

110 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு பொருளின் அகலத்தைப் போல 110 மடங்கு தூரத்தில் நின்றால், அது நிலா அளவுக்குத் தெரியும். 11 கி.மீ. தொலைவிலுள்ள முகட்டில் நிலா 100 மீட்டர் அகலத்தை மறைக்கும். தனியாக நிற்கும் 5 மீட்டர் உயர மரம் 550 மீட்டரில் நிலா அளவு. முகட்டில் ஓர் ஆள் நின்று, அவர் தலை முதல் கால் வரை நிலாவுக்குள் அடங்க வேண்டுமென்றால் நீங்கள் 200 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நிற்க வேண்டும்.

லென்ஸுக்கும் அதே 110தான். லென்ஸின் மி.மீ. அளவை 110-ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் நிலாவின் விட்டம் கிடைக்கும். 200 மி.மீ. லென்ஸில் 1.8 மி.மீ., 400-ல் 3.6, 600-ல் 5.5. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் உயரம் 24 மி.மீ. என்பதால், 400 மி.மீ. லென்ஸில் நிலா படத்தின் உயரத்தில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். 35 மி.மீ. போன்ற வைட் லென்ஸில் வெறும் புள்ளி. அந்தப் புள்ளியை வைத்தும் நல்ல படம் எடுக்கலாம். விரிந்த மணல், தூரத்து மலை, அதன்மேல் ஒரு சிறு வெள்ளைப் பொட்டு. எனக்குப் பிடித்தது 200-க்கும் 400-க்கும் இடையில். மலையின் மடிப்பும் தெரியும், நிலாவின் கறைகளும் தெரியும். 600-க்கு மேல் போனால் எந்த மலை என்றே அடையாளம் போய்விடுகிறது.

படி 4: நிலா கூட நடக்கும்

சின்ன வயதில் நாம் நடந்தால் நிலாவும் கூடவே வருகிறது என்று வியந்திருப்போம். களத்தில் அதுதான் நம் பெரிய கருவி. கணக்கு கொஞ்சம் தப்பி, நிலா நீங்கள் நினைத்த சிகரத்துக்கு இடப்பக்கம் எழுந்துவிட்டது என்றால் வலப்பக்கமாக நடங்கள். மலை பின்தங்கும், நிலா உங்களோடு வலப்பக்கம் வரும். முகடு 10 கி.மீ. தொலைவில் இருந்தால், 90 மீட்டர் நடந்தால் நிலா தன் ஓர் அகலம் நகரும். ஒரு டிகிரி நகர்த்த 175 மீட்டர். முகடு 2 கி.மீ.தான் என்றால் 18 மீட்டர் நடந்தாலே ஓர் அகலம் நகர்ந்துவிடும்.

அதனால் நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, இரண்டு பக்கமும் தடையில்லாமல் நடக்க முடிகிறதா என்று பகலிலேயே பாருங்கள். காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும், பாறை இடுக்கில் ஒரே ஓர் இடத்தில்தான் நிற்க முடியும் என்றால் நான் அதை எடுத்துக்கொள்வதில்லை.

படி 5: காற்றைப் பார்ப்பது

பாலைவனக் காற்றில் ஈரம் குறைவு, அதனால் தூரத்து மலை துல்லியமாகத் தெரியும். ஆனால் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று தூசி. முந்தைய நாள் பலமாகக் காற்றடித்திருந்தால் தொடுவானத்தை ஒட்டி மஞ்சள் திரை போல நிற்கும். நிலா அதற்குள்ளிருந்து செம்பு நிறத்தில் மங்கலாக வரும். லேசான தூசி அழகு சேர்க்கும். கனத்த தூசி என்றால் நிலா மலைக்கு மேலே இரண்டு டிகிரி ஏறும்வரை கண்ணுக்கே தெரியாமல் போகலாம்.

இன்னொன்று கானல். பகல் முழுக்கக் காய்ந்த மணலும் பாறையும் சூட்டை வெளியே விடும்போது, நீளமான லென்ஸில் பார்த்தால் முகட்டின் விளிம்பு தண்ணீருக்கடியில் இருப்பது போல நெளியும். எத்தனை நல்ல லென்ஸ் என்றாலும் இதைச் சரிசெய்ய முடியாது. பொழுது சாய்ந்து தரை குளிர ஆரம்பித்தால் நெளிவு குறையும், அது நமக்குச் சாதகம். சமதளத்தில் நிற்காமல் ஒரு மேட்டில் ஏறி, பள்ளத்தைத் தாண்டி மலையைப் பார்ப்பது போல நின்றால் இன்னும் குறையும். ஓட்டி வந்த வண்டியின் பானட்டுக்கு மேலாகவோ தார்ச்சாலைக்குக் குறுக்காகவோ எடுக்காதீர்கள். லென்ஸையும் முக்கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்து, அதன் சூடு வெளிக்காற்றோடு ஒத்துப்போக விடுங்கள்.

படி 6: கேமராவை அமைப்பது

டிரைபாட் காலை மணலில் சும்மா வைத்தால் மெல்ல மெல்ல இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும். ஒவ்வொரு காலையும் அழுத்தி, இனி இறங்காது என்ற வரை புதைத்துவிடுங்கள், அல்லது அடியில் தட்டையான கல் வையுங்கள். நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். பையை நடுக் கொக்கியில் மாட்டும்போது அது தரையைத் தொட்டபடி இருக்கட்டும். அந்தரத்தில் தொங்கினால் காற்றில் ஆடி, டிரைபாடையும் ஆட்டும். பெரிய லென்ஸ் என்றால் கேமராவை அல்ல, லென்ஸின் காலர் வளையத்தைத்தான் டிரைபாடில் பூட்ட வேண்டும்.

லென்ஸை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு வாருங்கள். தூசிக் காற்றில் லென்ஸ் மாற்றினால் சென்சாரில் புள்ளி விழும், அந்தி வானத்தின் மென்மையான நிறத்தில் ஒவ்வொரு புள்ளியும் பளிச்சென்று தெரியும். கண்ணாடியில் மணல் ஒட்டினால் துணியால் துடைக்காமல், கைப்பம்பால் ஊதித் தள்ளுங்கள்.

ரா ஃபைலில் (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக் கோப்பில்) எடுங்கள். வொயிட் பேலன்ஸ் டேலைட்டில் இருக்கட்டும். ஆட்டோவில் விட்டால் அந்தியின் இளஞ்சிவப்பைக் கேமரா நரைக்க வைத்துவிடும். மேனுவல் மோட், அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/8. டிரைபாடில் இருக்கும்போது பல லென்ஸ்களில் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசரை அணைப்பது நல்லது. இரண்டு விநாடி டைமர் அல்லது ரிமோட்.

ஃபோகஸை நிலா வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, முகட்டில் ஒரு பாறை விளிம்பைப் பிடித்து, கையால் ஃபோகஸ் செய்து, பிறகு வளையத்தில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். 400 மி.மீ., எஃப்/8-ல் முகடு ஒரு கி.மீ.க்கு அப்பால் இருந்தாலே நிலாவும் மலையும் சேர்ந்து கூர்மையாக வரும்.

படி 7: அந்த அரை மணி நேரம்

நிலா வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாம் தயாராக இருக்கட்டும். சூரியன் நமக்குப் பின்னால் இறங்கும்போது எதிரே மலையின் நிறம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். மஞ்சள், செம்மண் நிறம், பிறகு சிவப்பு. மலையடிவாரத்திலிருந்து நிழல் மேலே ஏறும். கடைசியாக உச்சியில் மட்டும் ஒரு சிவப்புக் கீற்று நிற்கும். அது அணைந்த சில நிமிடத்தில் கிழக்கு வானத்தின் அடியில் நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை எழும். அது பூமியின் நிழல். அதன் மேலே இளஞ்சிவப்புப் பட்டை, அதற்கு வெள்ளிக் கச்சை (Belt of Venus) என்று பெயர். நிலா அந்த இரண்டு பட்டைகளுக்கும் நடுவே இருக்கும் படம்தான் நான் எப்போதும் தேடிப் போவது.

எக்ஸ்போஷரை இப்படித் தொடங்கலாம். மலைமேல் இன்னும் வெயில் இருந்தால்: ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப்/8, 1/125 விநாடி. பொழுது சாயும் நேரத்தில்: ஐஎஸ்ஓ 200, 1/60. அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து: ஐஎஸ்ஓ 400, 1/30. இவை தொடக்கப் புள்ளிகள்தான். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் நிலாவைப் பெரிதாக்கி, அதன் கறைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தை இதற்கு நம்ப முடியாது, நிலா படத்தில் அவ்வளவு சிறிய பகுதி. வெளுத்த இடம் மின்னும் எச்சரிக்கையைப் போட்டுவைத்து, நிலா மின்னாத எல்லை வரை வெளிச்சத்தைக் கூட்டுங்கள். மலை கொஞ்சம் இருட்டாக இருந்தாலும் ரா ஃபைலில் மீட்டுவிடலாம். வெளுத்துப்போன நிலாவை மீட்க முடியாது.

ஷட்டரை ரொம்பவும் மெதுவாக்க வேண்டாம். நிலா நகர்ந்துகொண்டே இருக்கிறது. 400 மி.மீ.யில் 1/8 விநாடியைத் தாண்டினால் கறைகள் குழம்ப ஆரம்பிக்கும். அதற்கும் மேல் வெளிச்சம் வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள்.

நிலாவின் வெளிச்சத்தை மனப்பாடமாக வைத்திருப்பது எவ்வளவு உதவும் என்பதற்கு அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊரில் எடுத்த நிலா உதயப் படமே சாட்சி. சாலையில் போகும்போது காட்சியைப் பார்த்து வண்டியை நிறுத்தியவருக்கு வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் கைக்குக் கிடைக்கவில்லை. கல்லறைச் சிலுவைகளின் மேல் இருந்த வெயில் போய்க்கொண்டிருந்தது. நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு நினைவில் இருந்தது. அதை வைத்தே கணக்குப் போட்டு எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் வெயில் போய்விட்டது. எடுத்த தேதியை அவர் குறித்து வைக்கவில்லை. பின்னாளில் நிலா இருந்த இடத்தை வைத்து வானியல் கணக்குப் போட்டு, 1941 நவம்பர் 1, மாலை 4.49 என்று கண்டுபிடித்தார்கள்.

நமக்கு எளிய கணக்கு இது: உயரே ஏறிய முழுநிலாவுக்கு எஃப்/11, ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ், அதாவது ஐஎஸ்ஓ 100-க்கு 1/100. முகட்டை ஒட்டி இருக்கும்போது காற்றும் தூசியும் வெளிச்சத்தை ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாவது) குறைத்துவிடும், அந்த அளவு கூட்டிக்கொள்ளுங்கள்.

மேற்கில் பிறை என்றால்

இதுவரை சொன்னது கிழக்கே பார்த்து. மூன்றாம் பிறையை எடுக்க மேற்கே திரும்ப வேண்டும். அங்கே மலை நிழலுருவாக, வானம் ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு மாறிக்கொண்டிருக்க, பிறை இறங்கும். அமாவாசைக்கு இரண்டு மூன்று நாள் கழித்து எடுத்தால் பிறையின் இருண்ட பக்கமும் பூமியிலிருந்து பட்டுத் திரும்பும் ஒளியில் மங்கலாகத் தெரியும். அதற்கு அரை விநாடி, ஒரு விநாடி என்று ஷட்டர் தேவைப்படும், அதனால் 200 மி.மீ.க்கு உள்ளேயே நில்லுங்கள்.

மலையின் கோணக் கணக்கு இங்கே தலைகீழ். செயலி சொல்லும் நேரத்துக்கு வெகு முன்பே பிறை மறைந்துவிடும். அமெரிக்காவின் டெத் வேலி பாலைவனத்தில் கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கும் பேட்வாட்டரில் நின்றால், மேற்கே டெலஸ்கோப் பீக் 3,368 மீட்டர் உயரத்தில் நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் சமதளத்து நேரத்தை நம்பினால் பிறையைப் பார்க்கவே முடியாது.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

வெளிச்சமான பகுதியைக் கொஞ்சம் இறக்கி, நிழலைக் கொஞ்சம் ஏற்றி, மங்கலை நீக்கும் ஸ்லைடரைத் தொட்டும் தொடாமலும் வைத்தால் போதும். நேரம் தப்பிப் போயிருந்தால், நிலாவுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என்று அடுத்தடுத்து எடுத்த இரண்டு எக்ஸ்போஷர்களைச் சேர்க்கலாம். டிரைபாட் அசையாமல், ஒரே லென்ஸில், சில விநாடி இடைவெளியில் எடுத்தவை என்றால் எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை, சேர்த்தது என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். நிலாவை மட்டும் பெரிதாக்கி ஒட்டுவது வேறு. அந்த மலைக்கும் அந்த நிலாவுக்கும் இருந்த உண்மையான அளவு அதில் போய்விடுகிறது, பார்க்க வேண்டியதே அதுதான்.

ஒரு விஷயம், புறப்படும் முன். படம் எடுத்து முடிக்கும்போது இருட்டியிருக்கும், மணலில் எல்லாத் திசையும் ஒன்று போலத்தான் இருக்கும். வண்டி நிற்கும் இடத்தைப் பகலிலேயே ஜிபிஎஸ்ஸில் குறித்து, எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். தலை டார்ச், தேவைக்கு மேல் தண்ணீர், ஒரு கனத்த மேல்சட்டை. பகலில் சுட்ட தரை இரவில் நடுங்க வைக்கும். டிரைபாட் கால்களை மடக்கும் முன் ஒட்டியிருக்கும் மணலைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூட்டுக்குள் போய் அடுத்தமுறை நறநறக்கும். அப்புறம் நிலா முகட்டில் எந்தப் பாறைக்கு நேராக, எத்தனை மணிக்கு முதலில் தெரிந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த மாதம் போடும் கணக்குக்கு அந்த ஒரு வரி, செயலி காட்டும் எதையும்விட நம்பகமாக இருக்கும்.